மூன்று கோட் நீலம்

ஜூன் 8, திங்கள்

‘அன்புள்ள’ என்று எழுதி அடித்திருக்கிறேன். அடித்தது தெரியட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

நான்கு மாதம் ஒரு வரி எழுதாதவளுக்கு இப்போது என்ன வந்தது என்று நினைப்பீர்கள். உங்களுக்காக எழுதவில்லை, வண்டிக்காக எழுதுகிறேன். பெண்டாட்டிக்குப் பதில் போடாவிட்டாலும் வண்டிக்குப் போடுவீர்கள். நீங்கள் ஒயரிங் வேலைக்குப் போயிருக்கிற அணைக்கட்டில் செல்போன் எடுக்காது. ஆபீஸ் போனில் கூப்பிட்டால் வரிசையில் நிற்கிற பத்துப் பேரும் நம் கதையைக் கேட்பார்கள். சரக்கு லாரி டிரைவர் செவ்வாயும் வெள்ளியும் மேலே வந்து மறுநாள் இறங்குகிறாராம், கொடுத்தால் அன்று சாயங்காலமே உங்கள் கையில் சேர்த்துவிடுகிறேன் என்றார். ரொம்ப நல்ல மனிதர். கடிதம் யாருக்கு என்று கேட்டுவிட்டு ஒரு சிரிப்பு சிரித்தார், அதுதான் பிடிக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் போன பிறகு வண்டிக்கு இது மூன்றாவது பேட்டரி. புதிதாகப் போட்டால் நான்கு நாள் ஓடும். ஐந்தாம் நாள் கிக்கரை உதைத்து உதைத்து என் முழங்கால் கழன்றுவிடும். மூலைக்கடை மெக்கானிக் ஒவ்வொரு தடவையும் “பேட்டரிதான் மேடம்” என்பார். போன வாரம் “இருபத்திரண்டு வருஷ வண்டி, காயலான் கடைக்குத் தள்ளிடுங்க” என்றார். நான் பார்த்த பார்வையில் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டார். ஹெட்லைட் போடுவதே இல்லை. ஹாரன் அடிப்பதில்லை. யாராவது குறுக்கே வந்தால் வாயால்தான் கத்துகிறேன்.

அவசரம் என்னவென்றால், மலை மேல் ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார்கள். அதே குழந்தைகள் வார்டு, அதே சுவர்கள். பிப்ரவரியில் அந்த வேலையை வாங்கிய பெயிண்டர் பாதியில் விட்டுவிட்டாராம். ஜூலை இரண்டாம் தேதி காலை பத்து மணிக்கு மாதிரி போர்டுகளோடு வரணும். கிடைத்தால் மூன்று மாதம் தினமும் ஏணியும் டப்பாவுமாக மலை ஏறணும். பஸ்ஸில் ஏணியை ஏற்றவிட மாட்டார்கள்.

பிப்ரவரியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் உட்கார்ந்தேன். கை கேட்கவில்லை. நான் முதல் பஸ்ஸில் மேலே போய்விட்டேன். போர்டுகளை நீங்கள் வண்டியில் கொண்டு வருவதாகப் பேச்சு. பத்து மணிக்கு வர வேண்டியவர் ஒன்றரை மணிக்கு வந்தீர்கள். அதுவும் சட்டைகூட இல்லாமல் பனியனோடு, ஆற்றில் குளித்துவிட்டு வருகிறவர் மாதிரி. அதற்கு முந்தின வாரம்தான் “கடை போர்டு எழுதுறதே போதுமே, ஆஸ்பத்திரி சுவரெல்லாம் எதுக்கு?” என்று கேட்டவர். “வேணும்னேதானே லேட் பண்ணீங்க?” என்றேன். “ஆமா, அப்படியே வச்சுக்கோ” என்றீர்கள். வைத்துக்கொண்டேன். இன்னும் வைத்திருக்கிறேன்.

வண்டிக்கு என்ன செய்யணும் என்று மட்டும் எழுதுங்கள்.


ஜூன் 10, புதன்

பெயிண்டரம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அடித்த வார்த்தையையும் படித்தேன்.

முதலில் பேட்டரியைத் திட்டாதே. பேட்டரி வெறும் குடம். குடத்தை மாற்றிக்கொண்டே இருந்து என்ன பயன், குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கணும். வண்டி ஓடும்போது எஞ்சினுக்குள் இருக்கிற காயில்தான் கரண்டை உண்டாக்குகிறது. ரெகுலேட்டர் என்று ஒரு பெட்டி அதைச் சீராக்கிப் பேட்டரிக்கு அனுப்பும். இந்த வழியில் எங்கேயோ அடைப்பு.

அலமாரி இரண்டாவது டிராயரில் என் பழைய காலுறைக்குள் மல்டிமீட்டர் இருக்கும். எஞ்சின் நிற்கும்போது பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பார். பன்னிரண்டரை பக்கம் காட்டணும். பிறகு ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரைப் பாதி முறுக்கி வைத்துப் பார். பதினான்குக்கு ஏறினால் சார்ஜ் ஆகிறது என்று அர்த்தம். ஏறாவிட்டால் இடது பக்க மூடியைக் கழற்று. எஞ்சினிலிருந்து மூன்று மஞ்சள் ஒயர் வந்து ஒரு வெள்ளைக் கப்ளரில் சேரும். அதைப் பிரித்துவிட்டு, மீட்டர் குமிழை ஏசி வோல்ட்டுக்குத் திருப்பி, மஞ்சளை இரண்டிரண்டாக அளந்து பார். மூன்று தடவையும் கிட்டத்தட்ட ஒரே எண் வந்தால் காயில் நல்லபடி இருக்கிறது. ஒயர்களை ஒன்றோடொன்று முட்ட விடாதே. முறுக்குவதற்கு ஒரு ஆள் வேண்டும், கீழ் வீட்டுத் தையல்காரம்மாவைக் கூப்பிடு.

எண்களை எழுதி அனுப்பு. எங்கே என்ன இருக்கிறது என்று வரைந்தும் அனுப்பு.

இங்கே எல்லாம் சௌக்கியம். ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. ஜூலை நான்காம் தேதிக்குள் கையெழுத்துப் போட்டால் இன்னும் இரண்டு வருஷம் நீடிக்கும். போடாவிட்டால் பெட்டியைக் கட்டலாம். காகிதம் என் தலையணைக்குக் கீழே இருக்கிறது. சும்மா தகவலுக்காகச் சொன்னேன்.

டிரைவர் ஹாரன் அடிக்கிறார்.


ஜூன் 15, திங்கள்

உங்கள் காலுறையைத் துவைத்துவிட்டேன். மீட்டரைத் தொடுவதற்கு முன்னால் அதைத்தான் செய்ய வேண்டியிருந்தது.

எஞ்சின் நிற்கும்போது 12.4. ஓடும்போது 12.3. ஹெட்லைட் போட்டதும் 11.8. ஏறுவது எங்கே, இறங்குகிறது. தையல்காரம்மா முறுக்க வந்தார். அவருக்கு மெஷினை மிதித்துப் பழக்கம், அதனால் தையல் போடுவது மாதிரியே விட்டு விட்டு முறுக்கினார். தெருவே ஜன்னலைத் திறந்து பார்த்தது. “அக்கா, ஒரே மாதிரி பிடிங்க, இது தையல் இல்ல” என்றேன். “எல்லாம் தையல்தான்டி” என்றார். கடைசியில் பிடித்துவிட்டார். மூன்று மஞ்சளும் 41, 41, 40. காயில் நல்லபடி இருக்கிறது, இல்லையா? அந்த எண்களைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். நான்கு மாதத்தில் முதல் தடவையாக இந்த வண்டியில் ஏதோ ஒன்று சரியாக இருக்கிறது என்று தெரிந்தது.

படம் வரைந்திருக்கிறேன். ரெகுலேட்டருக்கு நிழல் போட்டிருப்பது வேலைக்குத் தேவையில்லைதான், கை சும்மா இருக்கவில்லை. படத்தில் ஓரிடத்தில் வட்டம் போட்டிருக்கிறேன் பாருங்கள். ரெகுலேட்டர் போல்ட்டிலிருந்து மெலிசாக ஒரு பச்சை ஒயர் தொங்குகிறது. அறுந்திருக்கிறது. முறுக்கி டேப் ஒட்டிய அடையாளமும் இருக்கிறது. டேப்பை உங்களைப் போல இப்படிச் சாய்வாகச் சுற்றுகிறவர் ஊரில் வேறு யாரும் இல்லை. இது என்ன ஒயர்?

கையெழுத்து விஷயம் உங்கள் இஷ்டம். நானும் சும்மா தகவலுக்காகச் சொல்கிறேன்.


ஜூன் 17, புதன்

படத்தைச் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் பார்த்தார்கள். ஃபோர்மேன் “ரெகுலேட்டருக்கே இவ்வளவு அழகா நிழல் போட்டிருக்காங்களே, உங்க போட்டோ வரைஞ்சா என்ன போடுவாங்க?” என்றார். மீசை போடுவாள், கொம்பும் போடுவாள் என்றேன்.

காயில் நல்லபடி இருக்கிறது. நீ அளந்தது சரியாக அளந்திருக்கிறாய். இங்கே என்னோடு வேலை செய்கிற இரண்டு பேருக்கு இது வராது.

பச்சை ஒயரை இப்போதைக்கு விடு. இன்னொரு சோதனை இருக்கிறது. ரெகுலேட்டரின் உடம்புதான் அதன் எர்த். உடம்பு சேஸை, அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டால்தான் கரண்டு போய்விட்டுத் திரும்பும் வழி முழுதாகும். ஒரு ஒயரை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவில் கட்டு. எஞ்சினை ஓடவிட்டு, இன்னொரு முனையை ரெகுலேட்டரின் அலுமினியப் பட்டைகள் மேல் அழுத்திப் பிடி. நவம்பரில் வண்டி முழுக்கப் பெயிண்ட் அடித்தபோது அங்கே மட்டும் நீ அடிக்கவில்லை, நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சியதால். மீட்டர் என்ன காட்டுகிறது என்று பார்.

ஏறினால்

ஏறினால் எழுது. மற்றதை அப்புறம் சொல்கிறேன்.


ஜூன் 22, திங்கள்

ஏறியது.

12.3-இல் நின்றுகொண்டிருந்த மீட்டர், ஒயரை அழுத்தியதும் 13, 13.6, 14.1 என்று போனது. எடுத்தால் இறங்குகிறது. வைத்தால் ஏறுகிறது. பத்துத் தடவை எடுத்து எடுத்து வைத்தேன். தையல்காரம்மா “போதும்டி, எனக்குக் கை மரத்துப்போச்சு” என்றார்.

பிறகு அவரை அனுப்பிவிட்டு, ரெகுலேட்டரின் இரண்டு போல்ட்டையும் கழற்றினேன். அடியில் என்ன இருந்தது என்று நான் சொல்ல வேண்டுமா? நீலம். என் நீலம். போன நவம்பரில் பதினொரு நாள் வண்டியைப் பிரித்துப் போட்டு அடித்த மூன்று கோட். ஒரு கீறல் இல்லை, கண்ணாடி போல மின்னுகிறது. சேஸில், பிராக்கெட்டில், போல்ட் போகிற ஓட்டைக்குள்ளே வரை. என் பழக்கம் உங்களுக்குத் தெரியும். தகரப் போர்டு எழுதினாலும் பின்பக்கமும் அடித்துவிட்டுத்தான் கொடுப்பேன். தெரியாத பக்கத்தில்தான் துரு முதலில் பிடிக்கும் என்று வாடிக்கையாளர்களுக்கெல்லாம் பிரசங்கம் செய்வேன். அந்தப் பிரசங்கம் வண்டிக்குள்ளேயும் போய்க் கரண்டை வழிமறித்து நின்றிருக்கிறது.

சேஸ் தொட வேண்டிய இடத்தில் பெயிண்ட் தொட்டிருக்கிறது. வண்டியை நிறுத்தியது நான்தான். பிப்ரவரியில் ஆஸ்பத்திரி வாசலில் நின்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேனே, அந்த வாயை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். எழுதாமல் விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒயரை மாற்றிக் கட்டிவிட்டு “சரியாகிவிட்டது, நன்றி” என்று ஒரு வரி எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் இந்தப் பச்சை ஒயர் உறுத்துகிறது.

ரெகுலேட்டருக்கு எர்த் வரவில்லை என்று யாரோ முன்னாலேயே கண்டுபிடித்து, யாரோ தனியாக ஒரு ஒயர் இழுத்திருக்கிறார்கள். சாய்வாக டேப் சுற்றுகிற யாரோ.

உங்களுக்குத் தெரியுமா? ஒரே வார்த்தையில் பதில் சொல்லுங்கள்.


ஜூன் 24, புதன்

தெரியும்.

ஒரே வார்த்தை கேட்டாய், கொடுத்துவிட்டேன். இனி மற்றது.

நவம்பரில் வண்டியைத் திரும்பப் பூட்டியபோது ரெகுலேட்டரை வைக்கிற இடத்தைப் பார்த்தேன். பட்டன் அளவுக்கு அங்கே சுரண்டிவிட்டுத்தான் மாட்டணும். எந்த எலெக்ட்ரீஷியனுக்கும் தெரியும். உப்புத்தாள் என் கையில் இருந்தது. நீ பக்கத்தில் நின்று “கீறல் விழாம மாட்டுங்க” என்றாய். உன் முகத்தைப் பார்த்தேன். பதினொரு நாளாக உன் விரல் நகத்திலெல்லாம் நீலம். மனசு வரவில்லை. உப்புத்தாளைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். கையில் கிடந்தது காலிங்பெல் ஒயரில் மிச்சம் ஒரு துண்டு, பச்சை. அதை இழுத்து எஞ்சின் போல்ட்டில் கட்டினேன். அந்த மெலிசு அதிர்வைத் தாங்காது என்று எனக்கே தெரியும். மூன்று மாதம் தாங்கியது.

பிப்ரவரியில் வண்டி மலையடிவாரத்தில் நின்றது. மூடியைத் திறந்ததும் புரிந்துவிட்டது, ஒயர் அறுந்து கிடந்தது. முறுக்கிக் கட்டினேன், ஆனால் பேட்டரி அதற்குள் காலி. ஆறு கிலோமீட்டர் தள்ளினேன். கயிறு நழுவி உன் மூன்று போர்டுகளும் ஒன்றோடொன்று உரச ஆரம்பித்தன. அதனால் சட்டையைக் கழற்றி நடுவில் வைத்தேன். ஆற்றில் குளிக்கவில்லை.

நீ கேட்டபோது நான் ஏன் உண்மையைச் சொல்லவில்லை? வேலை கைநழுவிப் போன அந்த நிமிஷத்தில், அந்த வாசலில் வைத்து, உன் பெயிண்டால்தான் வண்டி நின்றது என்று எப்படிச் சொல்வேன்? அதைவிட ‘வேணும்னே’ என்பதை நானே வாங்கிக்கொள்வது சுலபமாக இருந்தது. சுலபம் என்று நினைத்தேன். இங்கே வந்து படுத்த பிறகுதான் அது எவ்வளவு கனம் என்று தெரிந்தது.

கடை போர்டே போதும் என்று சொன்னதும் உண்மைதான். மூன்று மாதம் நீ ஏணி உச்சியில் நிற்பாயே என்று பயம். பயமாக இருக்கிறது என்று சொல்லத் தெரியாமல் எதுக்கு என்று கேட்டேன்.

கிளம்புவதற்கு முன்னாலாவது சுரண்டியிருக்கணும். கோபத்தில் சுரண்டினால் ஆழமாகப் போய்விடும் என்று விட்டுவிட்டேன். இப்போதும் நேராகச் சொல்ல வாய் வராமல் உன்னை இரண்டு சோதனை சுற்றவிட்டேன். வேறு ஏதாவது கோளாறாக இருந்துவிடாதா என்று ஒரு நப்பாசை.


ஜூன் 25, வியாழன்

நாளைக்கு லாரி. அதற்குள் எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

உங்களைப் போல ஒரு மடையரை நான் பார்த்ததில்லை. பட்டன் அளவு! ஒரு பட்டன் அளவு பெயிண்டைச் சுரண்ட மனசு வராமல் ஒரு வேலை போய், நான்கு மாதம் போய், மூன்று பேட்டரி போய், இரண்டு பேரும் இரண்டு ஊரில். சுரண்டியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? கத்தியிருப்பேன். ஒரு நாள் பேசாமல் இருந்திருப்பேன். மறுநாள் பேசியிருப்பேன். அவ்வளவுதானே?

இதை எழுதிவிட்டு எழுந்துபோய் அழுதுவிட்டு வந்தேன். அந்தச் சட்டை போர்டுகளுக்கு நடுவில் இருந்தது. கோடு போட்ட சாம்பல் நிறச் சட்டை. ஏதோ பழைய துணி வைத்துக் கட்டியிருக்கிறீர்கள் என்று நினைத்து, பிரஷ் துடைக்கக் கிழித்துவிட்டேன். நான்கு மாதமாக உங்கள் சட்டையில்தான் பிரஷ் துடைக்கிறேன். ஒரு கை மட்டும் மிச்சம் இருக்கிறது. அதைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

ஏன் பனியனோடு வந்தீர்கள் என்று நான் அன்று கேட்டிருக்கணும். கேட்கவில்லை. என் பங்கு அது.

எப்படிச் சுரண்டுவது என்று எழுதுங்கள். நானே சுரண்டுகிறேன்.


ஜூன் 27, சனி

பெயிண்டரம்மா,

மடையர் என்று எழுதியிருந்த இடத்தை மூன்று தடவை படித்தேன். நான்கு மாதத்தில் இவ்வளவு நிம்மதியாகத் தூங்கியதில்லை.

முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடு. போல்ட் உட்காரும் இடத்தைச் சுற்றி, சேஸிலும் பிராக்கெட்டிலும், வெள்ளையாக இரும்பு தெரிகிற வரைக்கும் உப்புத்தாளால் தேய். முரட்டுத் தாள் எடு. மாட்டி நன்றாக இறுக்கிய பிறகு சுற்றிலும் கொஞ்சம் வாசலின் பூசிவிடு, துரு வராது. பச்சையைத் தூக்கிப் போட்டுவிட்டு, தடிமனான ஒயர் ஒன்றை ரெகுலேட்டர் போல்ட்டிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கே நேராக இழு. இரண்டு வழி இருந்தால் ஒன்று விட்டாலும் வண்டி ஓடும்.

தலையணைக்குக் கீழே காகிதம் அப்படியே இருக்கிறது. நீ சொல்வாய் என்று நான் காத்திருக்கிறேன், நான் கேட்பேன் என்று நீ காத்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். நம் வழக்கம் அதுதானே. இந்தத் தடவை நான் கேட்டுவிடுகிறேன்.

வரட்டுமா?


ஜூலை 2, வியாழன்

அன்புள்ள,

அடிக்கவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சுரண்டினேன். முதல் தேய்ப்பு தேய்க்க அரை மணி நேரம் பிடித்தது, கை போகவே இல்லை. உங்கள் மனசு வராததில் பாதியாவது அப்போது எனக்குப் புரிந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தேன். நீலம் போனது, அடியில் சாம்பல் பிரைமர் போனது, இரும்பு தெரிந்தது. நீங்கள் சொன்னபடியே வாசலின், சொன்னபடியே தடி ஒயர். டேப்பைச் சாய்வாகத்தான் சுற்றியிருக்கிறேன். பதினாலு புள்ளி ஒன்று. ஹெட்லைட் போட்டாலும் பதின்மூன்று எட்டுக்குக் கீழே இறங்கவில்லை. மூலைக்கடை மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். “நான்தான் சொன்னேனே, எர்த்தாத்தான் இருக்கும்னு” என்றார். சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டேன்.

இன்று காலை ஏணி, டப்பா, மூன்று போர்டு எல்லாம் கட்டி மலை ஏறினேன். வண்டி நின்ற அந்த அடிவாரத்தைத் தாண்டும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒன்பது இருபதுக்கே வாசலில் இருந்தேன். வார்டு தலைமை நர்ஸ் போர்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பின்னாடி எதுக்கும்மா இவ்வளவு நல்லா அடிச்சிருக்கீங்க? யாரு பாக்கப் போறா?” என்று கேட்டார். “பழக்கம் மேடம். அதனால ஒரு வண்டியையே நிறுத்தியிருக்கேன்” என்றேன். கதை கேட்டார், சொன்னேன். சட்டை வரைக்கும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “திங்கட்கிழமை ஆரம்பிச்சுடுங்க” என்றார். மூன்று மாதம், நான்கு சுவர். வேலை எனக்குத்தான்!

ஏணி உச்சியில் நிற்கும்போது கீழே பிடிப்பதற்கு ஒரு ஆள் வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் ஒயரிங் வேலைக்கும் ஆள் இல்லையாம். சும்மா தகவலுக்காகச் சொல்கிறேன்.

வரட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். லாரிக்காகக் காத்திருக்க வேண்டாம். இந்தக் கடிதம் நாளை சாயங்காலம் உங்கள் கைக்கு வரும். சனிக்கிழமை விடிந்ததும் கிளம்புகிறேன், பதினொரு மணிக்குள் அணைக்கட்டு கேட்டுக்கு வந்துவிடுவேன். பெட்டியைக் கட்டி வையுங்கள். தலையணைக்குக் கீழே இருக்கிற காகிதத்தை ஆபீஸில் வெறுமையாகவே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மலைப்பாதையில் கடைசி வளைவைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். ஹெட்லைட்டை எரியவிட்டே வருவேன். நட்ட நடுப் பகலில் எதற்கு லைட் என்று ஃபோர்மேன் கேட்டால், அவளிடம் இப்போது நிறையக் கரண்டு இருக்கிறது என்று சொல்லுங்கள்.

பின் சீட்டில் உங்கள் ஹெல்மெட்டைக் கட்டிவிட்டேன்.